குன்றைப் பிடித்தவனிடம் ஈடு கேட்கிறார்கள்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்துடன் கூடிப் பார்த்த திரைப்படக் காட்சிக்குப் பின் நிகழ்த்திய உரை)



இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து முடித்திருக்கிறீர்கள். பகல் ஷிப்டு முடித்து நேரே இங்கு வந்தவர்கள் இருக்கிறீர்கள். காலையில் வயலில் இறங்கி மாலையில் கரையேறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். படத்தின் பேச்சோ இங்கிலீஷ். கத்திச் சண்டை கிடையாது, காதல் பாட்டு கிடையாது. யுத்தத்தைப் பற்றிய படம் என்று சொல்லி அழைத்தோம். படத்தில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அப்படியிருந்தும் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. ஏன்? பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. வேலை கேட்டு மானேஜர் எதிரே நிற்கிறவனுடைய முகம் எந்த ஊரிலும் ஒரே முகம்தான்.

ஆனாலும் பேச்சும் புரிந்தால்தான் படம் முழுதாக நம் கைக்கு வரும். அதற்காகத்தான் இந்தச் சிறிய உரை.

படத்தின் பெயர் 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. நம் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டுகள் என்று பொருள். 1946-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து அப்போது பதினைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. படத்தை எடுத்த முதலாளி சாமுவேல் கோல்டுவின். டைரக்டர் வில்லியம் வைலர். கதை வசனத்தைத் திரைக்கு எழுதியவர் ராபர்ட் ஷெர்வுட். மாக்கின்லே காண்டர் என்ற எழுத்தாளரின் புத்தகம்தான் மூலம்.

"இது ஹாலிவுட் படமாயிற்றே, கோடீசுவரன் எடுத்த படமாயிற்றே, இதைத் தொழிலாளிக்கு ஏன் காட்டுகிறீர்கள்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் போட்டவர் முதலாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் நடந்துகொண்டிருந்த விஷயம் அது. அதை மறைத்துப் படம் எடுத்திருந்தால் டிக்கெட் வாங்குகிறவனே நம்பியிருக்க மாட்டான். டைரக்டர் வைலரும் யுத்தத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவரல்ல. குண்டு வீசும் விமானங்களில் ஏறிப் பறந்து படம் பிடித்தவர். அந்தப் பணியில் செவித்திறனை இழந்து திரும்பியவர். ஆகவே படத்தில் உண்மை இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

மூன்று பேரும் ஒரு விமானமும்

முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் பட்டாளத்து உடையில் ஒருவன் வந்து, ஊருக்குப் போக இடம் கேட்கிறான். இடமில்லை, நாளாகும் என்கிறார்கள். அதே நேரத்தில் ஒரு பணக்காரர் வருகிறார். பின்னால் ஒரு ஆள் அவருடைய சாமான்களைத் தூக்கி வருகிறான். அதில் கோல்ஃப் விளையாடும் மட்டைப் பையும் இருக்கிறது. சாமான் எடை அதிகம், கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கென்ன என்று கட்டிவிட்டுப் போய்விடுகிறார். யுத்தத்திலிருந்து வந்தவனுக்கு இடமில்லை. விளையாட்டு மட்டைக்கு இடமிருக்கிறது! படம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பட்டாளத்து விமானத்தின் மூக்குப் பகுதியில் மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து ஊர் திரும்புகிறார்கள். பூன் சிட்டி என்பது கற்பனை ஊர். மூன்று பேரும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆனால் யுத்தத்துக்கு முன்பு ஒருவரையொருவர் தெரியாது. ஏன் தெரியாது? ஒருவர் பெரிய அடுக்கு மாளிகையில் குடியிருப்பவர், ஒருவன் சாதாரணத் தெருவில் இருப்பவன், இன்னொருவன் ரயில் பாதை ஓரத்துக் குடிசையில் வளர்ந்தவன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார அவர்களுக்கு ஒரு உலக யுத்தம் தேவைப்பட்டது.

அல் ஸ்டீவன்சன் பாங்கி அதிகாரி, பட்டாளத்தில் சார்ஜண்ட். பிரெட் டெரி மருந்துக் கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுத்தவன். விமானப் படையில் கேப்டன், குண்டு வீசும் பொறுப்பு அவனுடையது. ஹோமர் பாரிஷ் கப்பற்படை மாலுமி. கப்பல் எரிந்ததில் இரண்டு கைகளையும் இழந்தவன். கைகள் இருந்த இடத்தில் இரும்புக் கொக்கிகள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யுத்தத்தில் மேலே இருந்தவன் ஊரில் கீழே இருப்பவன். யுத்தத்தில் கீழே இருந்தவர் ஊரில் மேலே இருப்பவர். உயிர் போகிற இடத்தில் ஆளின் திறமையைப் பார்த்துப் பதவி கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் பழைய ஏணியை எடுத்துச் சாத்தி, அவனவன் படியில் போய் நில் என்றார்கள்.

முப்பத்திரண்டரை டாலர்

பிரெட் ஊருக்கு வருகிறான். மார்பில் பதக்கம் இருக்கிறது. யுத்தத்துக்கு முன்பு வேலை பார்த்த கடைக்குப் போனால், பழைய முதலாளி கடையை விற்றுவிட்டார். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருக்கிறது. "என்னென்ன வேலை தெரியும்?" என்று மானேஜர் கேட்கிறார். ஆயிரக்கணக்கான அடி உயரத்திலிருந்து குறி பார்த்துக் குண்டு போடத் தெரியும். அது இங்கே செல்லாது. யுத்தத்துக்கு முன்பு அவனுக்குக் கீழே வேலை பார்த்த பையன் இப்போது அவனுக்கு மேலாள். வாரத்துக்கு முப்பத்திரண்டரை டாலர் கூலி.

முதலில் வேண்டாம் என்று போனவன், கையிருப்பு கரைந்ததும் அதே கடைக்குத் திரும்பி வருகிறான். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பாதை தெரியும்! 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று வாசலைத் தாண்டிய கால், அரிசிப் பானையின் அடி தெரிந்ததும் அதே வாசலை மிதிக்கிறது. முதலாளி காத்திருப்பான். அவனுடைய பானை அவ்வளவு சீக்கிரம் காலியாவதில்லை.

அவன் மனைவி மேரி கேப்டன் உடையைக் கலியாணம் செய்துகொண்டவள். உடையைக் கழற்றியதும் அவளுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. என் வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகளை உனக்குக் கொடுத்தேனே, நீ என்ன சாதித்தாய் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். படத்தின் பெயர் அங்கிருந்துதான் வருகிறது. அவளைத் திட்டுவது சுலபம். ஆனால் வாரம் முப்பத்திரண்டரை டாலரில் எந்தக் குடும்பத்தில் சண்டை வராமல் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அந்தக் கடையில் நடக்கும் தகராறு பலருக்குப் புரிந்திருக்காது. அதைச் சொல்லிவிடுகிறேன். ஹோமர் ஐஸ்கிரீம் சாப்பிட வருகிறான். பக்கத்தில் பத்திரிகை படிக்கும் ஒருவன் அவன் கொக்கிகளைப் பார்த்துவிட்டு அனுதாபம் போலப் பேச்சைத் தொடங்குகிறான். ஜெர்மனியோடும் ஜப்பானோடும் நாம் சண்டை போட்டிருக்கவே கூடாது, நம்மை ஏமாற்றி யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள், நீ கைகளை வீணாகத்தான் இழந்தாய் என்கிறான். அந்த நாடுகள் யாரை எதிர்த்துச் சண்டை போட விரும்பின என்பதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. அவற்றுக்குச் சிவப்பர்கள்மேல்தான் பகை, நம்மேல் அல்ல என்கிறான். ஹோமரின் கப்பலோடு நானூறு மாலுமிகள் மூழ்கினார்கள். அவர்களும் வீணாகவா செத்தார்கள்? ஹோமர் அவன் சட்டையில் குத்தியிருந்த கொடிச் சின்னத்தைப் பிடுங்குகிறான். பிரெட் மேடையைத் தாண்டிக் குதித்து ஒரு குத்து விடுகிறான். பேசியவன் கண்ணாடி அலமாரியோடு சாய்கிறான். பிரெட்டுக்கு வேலை போகிறது. கீழே கிடந்த அந்தச் சின்னக் கொடியை ஹோமர் தன் கொக்கியால் எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறான். கொடி யாருக்குச் சொந்தம் என்று அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

ஈடு என்ற ஒரு சொல்

இனி அல் ஸ்டீவன்சன். அவருக்கு ஊரில் நல்ல வரவேற்பு. பாங்கி பதவி உயர்த்திக் கொடுக்கிறது. யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

நோவாக் என்ற ஒரு குத்தகை விவசாயி வருகிறான். அவனும் யுத்தத்தில் பணி செய்தவன். 40 ஏக்கர் நிலம் வாங்க 6,000 டாலர் கடன் வேண்டும். ஈடு காட்ட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நிலம் இல்லாததால்தானே நிலம் வாங்கக் கடன் கேட்கிறான்! நிலம் இருப்பவனுக்குத்தான் நிலம் வாங்கக் கடன் கிடைக்கும் என்பது பாங்கியின் சட்டம். நம் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அல் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்கிறார், கைகளைப் பார்க்கிறார், கடன் கொடுத்துவிடுகிறார். பாங்கித் தலைவர் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். அடுத்து அல்லுக்கு ஒரு விருந்து நடக்கிறது. குடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்து ஒரு பேச்சுப் பேசுகிறாரே, அதன் சாரம் இதுதான். யுத்தத்தில் ஒரு மேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் குன்றைப் பிடி என்றார். அதில் அபாயம் அதிகம், போதிய ஈடு இல்லையே என்று நான் சொல்லியிருந்தால்? ஈடு இல்லை, ஆகவே குன்றும் இல்லை. குன்று இல்லை, ஆகவே யுத்தத்தில் தோல்வி! கூடியிருந்த கனவான்கள் சிரிப்பதா முழிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தோழர்களே! இந்த ஒரு பேச்சுக்காகவே படத்தைப் பார்க்கலாம். உயிரைக் கேட்கும்போது ஈடு கேட்கவில்லை. உயிரோடு திரும்பி வந்து நிலம் கேட்டால் ஈடு கேட்கிறார்கள்.

தமிழில் 'ஈடு' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் இருக்கிறது. கடன் வாங்குகிறவன் கொடுக்கும் பிணையும் ஈடுதான். இழந்தவனுக்குச் சேர வேண்டியதும் ஈடுதான், நஷ்டஈடு என்கிறோம். பாங்கி முதல் ஈட்டைக் கேட்கிறது. ஹோமரின் இரண்டு கொக்கிகளும் இரண்டாவது ஈட்டைக் கேட்கின்றன. எந்த ஈடு முதலில் என்பதுதான் இந்தப் படத்தின் வழக்கு.

ஹோமராக நடித்தவர்

ஹோமராக வந்தவர் தொழில் நடிகர் அல்ல. அந்தக் கொக்கிகள் சினிமா வேஷமும் அல்ல. அவர் பெயர் ஹரால்டு ரஸ்ஸல். 1914-ல் கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் ஒரு உணவுக் கடையில் வேலை பார்த்தவர். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். 1944-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி இரண்டு கைகளையும் இழந்தார். நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாள். ஆனால் அவர் அங்கே இல்லை. அமெரிக்காவிலேயே, வட கரோலினா மாகாணத்துப் பயிற்சி முகாமில், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த வெடிமருந்து பழுதான திரியால் வெடித்துவிட்டது.

இதைத் தொழிலாளி காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எதிரியின் குண்டு அவர் கையைக் கொண்டுபோகவில்லை. வேலை செய்யும் இடத்தில் கொடுத்த பழுதான பொருள் கொண்டுபோனது. கார்டிங் மெஷினில் விரல் கொடுத்தவர்களும், கதிரடிக்கும் மெஷினில் கை கொடுத்தவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அணிவகுப்பும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆனால் விபத்து ஒன்றுதான்.

ஹோமர் தன் அறையில் கொக்கிகளைக் கழற்றி வில்மாவுக்குக் காட்டும் காட்சியில் இங்கே ஒரு சத்தமும் இல்லை. இரவில் இதைக் கழற்றிவிட்டால் நான் குழந்தைபோல. கதவு சாத்திக்கொண்டால் திறக்கக்கூட முடியாது என்று அவன் சொல்கிறான். அந்தப் பெண் அழவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிறாள். ஊனமடைந்தவனுக்கு வேண்டியது இரக்கம் அல்ல என்பதை ஒரு பித்தானில் காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தை. எல்லாப் பாரத்தையும் வில்மாவின் தோளில் வைத்துவிட்டு நாடு கையைத் துடைத்துக்கொள்ளக் கூடாது. அன்பு வீட்டிலிருந்து வரட்டும். பென்ஷனும் வைத்தியமும் வேலையும் சர்க்காரிடமிருந்து வர வேண்டும்.

பழைய இரும்பு

வேலை போய், மனைவி போய், பிரெட் ஊரை விட்டே கிளம்புகிறான். எந்தத் திசையில் போகிறாய் என்றால், எந்த விமானம் முதலில் வருகிறதோ அதில் என்கிறான். ரயில் பாதை ஓரத்து வீட்டில் அவனுடைய தகப்பனார் பதக்கத்தோடு வந்த பாராட்டுக் கடிதத்தைக் கண்டெடுத்து வாய்விட்டுப் படிக்கிறார். மகன் என்ன செய்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அந்த மகனோ அதே வேளையில் விமான நிலையத்துப் பின்புறம், யுத்தத்தில் பறந்த விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானத்தில் நடக்கிறான். எஞ்சின்களைக் கழற்றிவிட்டார்கள். உடைத்துப் பழைய இரும்பாக விற்கக் காத்திருக்கின்றன. அந்தக் காட்சியைக் கலிபோர்னியாவின் ஒண்டாரியோ ஊரில், உண்மையாகவே யுத்த விமானங்களை உடைப்பதற்காகக் குவித்திருந்த மைதானத்தில் எடுத்தார்கள். ஸ்டூடியோ அட்டை அல்ல.

அவன் ஒரு விமானத்தில் ஏறித் தன் பழைய இடத்தில் உட்காருகிறான். வேர்த்துக் கொட்டுகிறது. எஞ்சினே இல்லாத விமானம் அவன் காதில் மட்டும் இரைகிறது. யுத்தம் முடிந்ததும் விமானம் வேண்டாம். அதில் பறந்தவனும் வேண்டாம். கீழே நின்று ஒரு மேஸ்திரி சத்தம் போட்டு அவனை இறக்குகிறான். அந்த விமானங்களை உடைத்து வீடு கட்டும் சாமான் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பிரெட் வேலை கேட்கிறான், கிடைக்கிறது. குண்டு போட்ட தகரம் வீடாகப்போகிறது. நல்ல முடிவு. மனதுக்கு இதமாக இருக்கிறது.

படம் நிற்கும் இடம்

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். விவசாயிக்குக் கடன் கிடைத்தது எப்படி? பாங்கியில் ஒரு நல்ல மனிதர் இருந்தார். பிரெட்டுக்கு வேலை கிடைத்தது எப்படி? தற்செயலாக அந்தப் பக்கம் போனான். ஹோமருக்கு வாழ்க்கை கிடைத்தது எப்படி? வில்மா உத்தமி. மூன்றும் அதிர்ஷ்டம்! நல்ல மனிதர் இல்லாத பாங்கியில் ஏறின விவசாயி என்ன ஆனான்?

அந்த யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்த அமெரிக்கர்கள் சுமார் 1 கோடி 60 லட்சம் பேர். அவர்களுக்காக 1944 ஜூன் 22-ல் ஒரு சட்டம் வந்தது. படிப்புச் செலவு, வீட்டுக் கடனுக்குச் சர்க்கார் பொறுப்பு, வேலை இல்லாதவனுக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை உதவி. 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் படித்தார்கள் அல்லது தொழிற்பயிற்சி பெற்றார்கள். பெரிய சாதனைதான். மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சட்டம் யாருடைய தயவிலாவது வந்ததா? அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் போவோம். முதல் உலக யுத்தத்தில் பணி செய்தவர்களுக்கு ஒரு போனஸ் தருவதாக 1924-ல் சட்டம் செய்தார்கள். பணம் எப்போது? 1945-ல்! இடையில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலை இல்லை, சோறு இல்லை. எங்கள் போனசை இப்போதே கொடு என்று 1932-ல் ஆயிரமாயிரம் முன்னாள் சிப்பாய்கள், பெண்டு பிள்ளைகளோடு, தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28-ம் தேதி போலீஸ் சுட்டதில் இரண்டு முன்னாள் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் ஜனாதிபதி ஹூவரின் உத்தரவுப்படி பட்டாளம் வந்தது. தலைமை தாங்கியவர் ஜெனரல் மக்கார்தர். குதிரைப் படை, டாங்கி, கண்ணீர்ப் புகை! குடிசைகள் எரிந்தன. தன் சொந்த முன்னாள் வீரர்கள்மேல் ஒரு நாடு பட்டாளத்தை ஏவிய காட்சியை உலகம் பார்த்தது. 1936-ல் போனஸ் சட்டம் நிறைவேறிற்று. கோடிக்கணக்கான பேர் வேலையில்லாமல் திரும்பி வந்தால் மறுபடி அதே காட்சி நடக்கும் என்ற நினைவும் 1944 சட்டத்தின் பின்னால் இருந்தது. அன்று குடிசை போட்டு உட்கார்ந்தவர்களின் பங்கு இல்லாமல் அந்தச் சட்டம் வரவில்லை.

படம் வெளியான 1946-ம் ஆண்டையே பாருங்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சுமார் 46 லட்சம் பேர். ஜனவரியில் உருக்குத் தொழிலாளர்கள் மட்டும் ஏழரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் 113 நாள் நடந்தது. பட்டாளத்து உடையைக் கழற்றி அதிக நாள் ஆகாதவர்களும் மறியல் வரிசையில் நின்றார்கள். படத்தில் இது ஒன்றும் இல்லை. பூன் சிட்டியில் பாங்கி இருக்கிறது, மதுக்கடை இருக்கிறது, கம்பெனிக் கடை இருக்கிறது. தொழிற்சங்க ஆபீஸ் ஒன்று கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் இல்லை. படத்தில் கறுப்பின மக்கள் ஓரத்தில்தான் தெரிகிறார்கள். கதை அவர்களுடையதல்ல. ஆனால் அவர்களும் யுத்தத்துக்குப் போனார்கள், திரும்பினார்கள். ஐசக் உட்வார்டு என்ற கறுப்பினச் சிப்பாய் 1946 பிப்ரவரி 12-ம் தேதி பட்டாளத்திலிருந்து விடுதலையாகி, உடையைக்கூட மாற்றாமல், பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் கரோலினா மாகாணத்தில் பஸ் டிரைவரோடு ஒரு சிறு வாக்குவாதம். பேட்ஸ்பர்க் என்ற ஊரில் போலீஸ் அவரை இறக்கி அடித்தது. இரண்டு கண்களும் நிரந்தரமாகக் குருடாயின. யுத்தத்தில் தப்பிய கண்கள் சொந்த நாட்டில் போயின! அடித்த போலீஸ் அதிகாரியை, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி நவம்பர் மாதத்தில் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. அதே நவம்பரில்தான் இந்தப் படம் நியூயார்க்கில் திரைக்கு வந்தது.

கடன் சட்டமும் அப்படித்தான். சர்க்கார் பொறுப்பேற்கும், ஆனால் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது உள்ளூர் பாங்கி. 1947-ல் மிசிசிப்பி மாகாணத்து நகரங்களில் கணக்கெடுத்தார்கள். இந்தச் சட்டப்படி கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின மக்களுக்குக் கிடைத்தது எத்தனை? இரண்டு! நூற்றுக்கு இரண்டு அல்ல, மொத்தமே இரண்டு. நோவாக்குக்கு ஒரு அல் ஸ்டீவன்சன் கிடைத்தார். மிசிசிப்பியில் எத்தனை பேருக்குக் கிடைத்தார் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி. சட்டம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. சாவி யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அந்த யுத்தத்துக்கு நம் நாட்டிலிருந்தும் சுமார் 25 லட்சம் பேர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் போனார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உட்வார்டு கண்ணிழந்து ஆறாம் நாள், 1946 பிப்ரவரி 18-ல், பம்பாயில் 'தல்வார்' தளத்துக் கப்பற்படைச் சிப்பாய்கள் கெட்ட சாப்பாட்டையும் அவமரியாதையையும் எதிர்த்து எழுந்தார்கள். பம்பாய் மில் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்து வீதிக்கு வந்தார்கள். தனித்து நின்ற சிப்பாயையும் தனித்து நின்ற தொழிலாளியையும் ஒரே பக்கம் சேர்த்த நாட்கள் அவை.

படம் எடுத்தவருக்கும் நேர்ந்தது

இந்தப் படத்துக்கு ஏழு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. சிறந்த படம், டைரக்டர், கதை வசனம், நடிகர் எல்லாம். ரஸ்ஸலுக்குத் துணை நடிகர் பரிசோடு, முன்னாள் வீரர்களுக்கு நம்பிக்கையும் தைரியமும் ஊட்டியதற்காகத் தனியாக ஒரு கௌரவப் பரிசும் கொடுத்தார்கள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கார் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த வருஷமே காற்று மாறிவிட்டது. 1947 அக்டோபரில் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடி அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி விசாரணை தொடங்கிற்று. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேருக்குப் பின்னால் சிறைத் தண்டனை. அந்த விசாரணையை எதிர்த்து வைலர் ரேடியோவில் பேசினார். இதே படத்தை இன்று ஹாலிவுட்டில் எடுக்க என்னை விடமாட்டார்கள் என்றார். எண்ணிப் பாருங்கள். ஏழு பரிசு வாங்கிய படம், ஒரே வருஷத்தில் எடுக்க முடியாத படமாகிவிட்டது! பாங்கியைக் கேலி செய்கிற பேச்சு, கடையில் விடுகிற அந்தக் குத்து, இவையெல்லாம் ஆபத்தாகிவிட்டன. படத்தில் பத்திரிகை படித்துக்கொண்டு பேசினானே, அவனுடைய பேச்சு நாட்டின் கொள்கையாகிக்கொண்டிருந்தது.

ரஸ்ஸலின் கதைக்கு இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் முன்னாள் வீரர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஊனமுற்றோருக்கு வேலை தேடித் தரும் சர்க்கார் கமிட்டிக்கும் தலைமை வகித்தார். 2002-ல் காலமானார். அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 1992-ல், தன் ஆஸ்கார் சிலையை ஏலத்தில் விற்றார். 60,500 டாலருக்குப் போயிற்று. ஏன் விற்றீர்கள் என்று கேட்டார்கள். மனைவியின் வைத்தியச் செலவுக்கு என்றார்.

நம்பிக்கையும் தைரியமும் ஊட்டியவர் என்று கொடுத்த பரிசுகளில் ஒன்றும், நன்றாக நடித்தார் என்று கொடுத்த பரிசு ஒன்றும் அவரிடம் இருந்தன. அவர் விற்றது நடிப்புக்குக் கிடைத்ததை. உலகத்திலேயே பணக்கார நாடு. இரண்டு கைகளைக் கொடுத்தவர். மனைவிக்கு வைத்தியம் பார்க்கப் பரிசுச் சிலையை ஏலத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இதைவிடக் கூர்மையான கடைசிக் காட்சியை எந்த டைரக்டராலும் எடுத்திருக்க முடியாது.

ஆகவே தோழர்களே, இந்தப் படத்தைப் பாராட்டுவோம். வேலையில்லாதவனைச் சோம்பேறி என்று அது சொல்லவில்லை. கையிழந்தவனைப் பார்த்து உச்சுக் கொட்டச் சொல்லவில்லை. பாங்கியின் கணக்குப் புத்தகத்தை மனிதன் பக்கம் நின்று படித்துக் காட்டியது. அதற்கு மேல் போக அதனால் முடியவில்லை. அது விட்ட இடத்திலிருந்து நாம் பேச வேண்டும்.

யுத்தத்திலிருந்து திரும்பியவனானாலும், மெஷினில் கை கொடுத்தவனானாலும், வயலில் இடுப்பொடிந்தவளானாலும், மாலையும் மேளமும் ஒரு நாளோடு சரி. மறுநாள் காலையில் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு வேலை வேண்டும், நிலம் வேண்டும், வைத்தியம் வேண்டும். அவை நல்ல மனிதர் ஒருவர் மனம் வைத்தால் கிடைப்பவையாக இருக்கும்வரை ஒருவனுக்குக் கிடைக்கும், நூறு பேருக்குக் கிடைக்காது. உரிமையாக இருந்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும். 1932-ல் குடிசை போட்டு உட்கார்ந்தவர்கள் கேட்டது அதைத்தான்.

இன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஒருவருக்கொருவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போங்கள். வராதவர்களுக்கும் சொல்லுங்கள். ஈடு எங்கே என்று யாராவது உங்களைக் கேட்டால், எங்கள் உழைப்புக்கு ஈடு எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.